தில்லியில் பேசும் வாதம் தொலைவில் ஏன் திக்குகிறது?

2022 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் முதன்முறையாக நேரலையில் வந்தன. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காட்டு இடஒதுக்கீட்டு வழக்கு அவற்றுள் ஒன்று. தமிழ்நாடு அரசு எதிர்த்து வாதிட்ட வழக்கு. தில்லி திலக் மார்க்கின் வாதத்தை, வழக்கால் வாழ்வு மாறக்கூடிய மாணவர் தம் ஊரிலிருந்தே கேட்க முடிந்தது.

ஒளிபரப்பு யூடியூப் வழியே செல்வதால் அதன் உரிமை யாருக்கு என்று கே.என். கோவிந்தாச்சார்யா தரப்பு வினவியது. மூன்றாம் தரப்புச் செயலிகளின்றி முழுமையாகத் தானே நடத்தும் கட்டமைப்பு தன்னிடமோ தேசியத் தகவலியல் மையத்திடமோ போதிய அளவில் இல்லை என்று நீதிமன்றப் பதிவகம் தெரிவித்தது. 2024 செப்டம்பர் 20 அன்று நீதிமன்றத்தின் யூடியூப் பக்கம் ஊடுருவப்பட்டு அங்கே கிரிப்டோ நாணயக் காணொளி தோன்றியபோது, அந்த வினாவின் கனம் எல்லோருக்கும் விளங்கியது.

சொந்த சர்வர் என்றவுடன் பலரும் அகன்ற இணைப்பைத்தான் எண்ணுகின்றனர். அது ஆட்களின் எண்ணிக்கைக்கு மருந்து: ஒருவருக்கு 3 மெகாபிட் எனில் 100 மெகாபிட் இணைப்பு 33 பேரோடு நின்றுவிடும். தொலைவு வேறு நோய். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தில்லியிலிருந்து டொராண்டோ நேர்கோட்டில் 11,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 110 மில்லி நொடிக்குக் குறைய வழியே இல்லை. கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதுமில்லை.

இந்தத் தாமதம் வேகத்தையே தின்கிறது என்பதுதான் எளிதில் பிடிபடாத செய்தி. அனுப்பிய பாக்கெட்டுகள் சேர்ந்தனவா என்ற விடைக்காக டிசிபி காத்திருக்கிறது. ஒன்று தொலைந்தால் வேகத்தைக் குறைத்து மெல்ல மெல்ல மீண்டும் கூட்டுகிறது. 1997இல் மேத்திஸ் முதலானோர் தந்த சூத்திரப்படி, இழப்பு விகிதம் ஒன்றே ஆயினும், போய்வரும் நேரம் ஆறு மடங்கானால் வேகம் ஆறில் ஒன்றாகும். 40 மில்லி நொடியில் 3 மெகாபிட் பெறுபவருக்கு எதிரே, 240 மில்லி நொடியில் இருப்பவருக்கு அரை மெகாபிட்தான். அவர் வீட்டு இணைப்பு எத்தனை அகலமானாலும் வட்டம் சுழலும். பழியோ பெரும்பாலும் அவருடைய வைஃபையின் மேல் விழுகிறது.

ஆகவே முதல் மருந்து, நகலைப் பார்ப்பவரின் அருகே கொண்டுசெல்வது. மூலவர் கருவறையில் இருக்க உற்சவர் வீதிக்கு வருவதைப் போல. தேசியத் தகவலியல் மையத்தின் தரவு மையங்களுள் ஒன்று ஐதராபாத்தில் இருக்கிறது. நேரலையின் துண்டுகளைத் தில்லியிலிருந்து ஒருமுறை பெற்று அங்கே தேக்கிவைத்தால், தென்னாட்டார் அனைவருக்கும் அங்கிருந்தே வழங்கலாம். கடல் கடந்தோருக்கு அங்கேயே ஒரு வாடகை சர்வர் வேண்டும். உரிமைக் கேள்வி அப்போது மறுபடி எழும், ஆனால் நகல் நமது கட்டுப்பாட்டில் இருக்கும். கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் முறை, ஒவ்வோர் இழப்பையும் நெரிசலாகக் கொள்வதில்லை. அனுப்பும் சர்வரில் மட்டும் மாற்றினால் போதும் என்பது அதன் வசதி.

அடுத்து, நீதிமன்றத்தில் முகம் தெளிவாகத் தெரிவதைவிடச் சொல் அறுபடாமல் கேட்பதே முதன்மை. பல தரங்களில் குறியேற்றும்போது, 64 கிலோபிட் ஒலி மட்டும் செல்லும் கடைசிப் படி ஒன்றை வைக்கலாம். பெரும்பாலான நேரலைகளில் அது இல்லாதது வியப்பே.

எஞ்சுவது காத்திருப்பு. எச்எல்எஸ் முறையில் ஆறு நொடித் துண்டுகள் வழக்கம். மூன்று துண்டுகள் சேர்ந்தபின் ஓட்டத் தொடங்கினால் 18 நொடி இருப்பு. கிரிக்கெட் ரசிகருக்கு அதுவே நீளம். அண்டை வீட்டுக் கூச்சல் முந்திவிடும். வாதம் கேட்பவர் ஒரு நிமிடம் பின்தங்கினால் என்ன இழப்பு? நேரலைக்கு வழிவகுத்த 2018 செப்டம்பர் 26 தீர்ப்பே, வெளிவரக் கூடாதவற்றை நீக்குவதற்காக, பத்து நிமிடம் போன்றதொரு தாமதத்தை ஏற்றது. அந்த 600 நொடிகளில் ஒரு 60 நொடியைத் தொலைவிலிருப்பவரின் இருப்புக்கு ஒதுக்கினால், இடையில் இணைப்பு அரை நிமிடம் தடுமாறினாலும் வாதம் அறாது.