விடுபட்ட எண்கள்

புறநானூற்றைப் புரட்டுவோர் 266ஆம் பாடலை அடுத்து 269ஆம் பாடலையே காண்பர். இடையில் நின்ற இரு பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றைக் காணாத நாம், இழந்தவை இரண்டு எனத் துணிந்து கூறுகிறோம். எண்களின் வரிசையே அத்துணிவைத் தருகிறது. இணையத்தில் காணாமற்போகும் தரவுகளைக் கண்டறியவும் இந்த எளிய முறையே கைகொடுக்கிறது.

கைப்பேசியிலிருந்து அனுப்பப்படும் ஒளிப்படம் முழு உருவமாகப் பயணம் செய்வதில்லை. அது சிறுசிறு தரவுப் பொட்டலங்களாகப் பிரிந்து, ரௌட்டர் எனப்படும் திசைவிகள் பலவற்றைக் கடந்து செல்கிறது. ஒரு திசைவியில் காத்திருப்போர் வரிசை நிரம்பிவிட்டால், புதிதாக வரும் பொட்டலம் கைவிடப்படும். பெரும்பாலும் அனுப்பிய கணினிக்கு அதுபற்றிய அறிவிப்பு எதுவும் போவதில்லை.

ஓசையின்றி நிகழும் இவ்விழப்பை எவ்வாறு அறிவது? வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததே டி.சி.பி. என்னும் நெறிமுறை. அது, அனுப்பும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணுகிறது. பொட்டலத்தின் முதல் பைட்டுக்குரிய எண், அதன் தலைப்பகுதியில் பொறிக்கப்படுகிறது. பெறும் கணினி, தான் அடுத்து எதிர்பார்க்கும் எண்ணை ஒப்புகையாகத் திருப்பி அனுப்புகிறது.

ஒவ்வொன்றும் 1000 பைட்டு கொண்ட பொட்டலங்கள் 1, 1001, 2001 என்னும் எண்களுடன் வந்து சேர்ந்தன என்று கொள்வோம். அடுத்து வரவேண்டியது 3001, வந்ததோ 4001. பெறும் கணினி ‘3001 வேண்டும்’ என்கிறது. 5001, 6001 என மேலும் பொட்டலங்கள் வந்தாலும் அதே ஒப்புகையையே மீண்டும் அனுப்புகிறது. இவ்வாறு ஒரே ஒப்புகை மும்முறை திரும்ப வந்தால், அனுப்பிய கணினி இழப்பை உணர்ந்து அப்பொட்டலத்தை மறுபடி அனுப்புகிறது.

இவ்வுரையாடலை வயர்ஷார்க் போன்ற மென்பொருள்கள் பதிவு செய்கின்றன. அப்பதிவில் ஓர் எண் விடுபட்டிருந்தால் உடனே வலையமைப்பின்மீது பழிசுமத்திவிடலாமா? கூடாது. அதற்குக் காரணங்கள் மூன்று இருக்கலாம். பொட்டலம் வேறு வழியில் சென்று சற்றுத் தாமதமாக வந்திருக்கலாம்; உண்மையாகவே தொலைந்திருக்கலாம்; அல்லது பொட்டலம் முறையாகச் சென்றிருக்க, பதிவுக் கருவி அதைத் தவறவிட்டிருக்கலாம். விடுபட்ட பைட்டுகளையும் கடந்து ஒப்புகை முன்னேறியிருந்தால், அவை உரிய இடம் சேர்ந்துவிட்டன என்பது தெளிவு. குறை பதிவில்தான் உள்ளது. இதை ஆராயாதவர் பழுதற்ற கம்பிகளை மாற்றிக்கொண்டிருப்பர். இரு முனைகளிலும் எடுத்த பதிவுகளை எண்வாரியாக ஒப்பிட்டால், அனுப்பும் முனையில் இருந்து பெறும் முனையில் இல்லாதது எது என்பது புலப்படும்.

இத்தகைய கூர்ந்த நோக்கு இணையத்தையே ஒருமுறை காத்தது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையிலான தரவு வேகம், நொடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து வெறும் 40 பிட்டுகளாகச் சரிந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு 400 கெஜமே. ஆராய்ந்தவர்களுள் ஒருவரான வான் ஜேக்கப்சன், பொட்டலங்களின் வரிசை எண்களைக் காலத்திற்கு எதிராக வரைந்து காட்டினார். சீராக மேலேறவேண்டிய கோடு மீண்டும் மீண்டும் கீழிறங்கியது. நெரிசலால் தொலைந்த பொட்டலங்களைக் கணினிகள் அவசரமாக மறுபடி அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியதை அப்படம் உணர்த்தியது. இழப்பைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறை 1988இல் அவரது கட்டுரையில் வெளியாயிற்று. இன்றும் அதன் வழித்தோன்றல்களே இணைய நெரிசலைத் தணிக்கின்றன.

ஓர் இடைவெளியைக் கண்டவுடன் இழப்பு என்று முடிவுகட்டாமல், அதற்குப் பின் வந்த மறுமொழியையும் படித்தறிவதே ஆய்வு. பொறியாளருக்கு மட்டுமன்றி, சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞருக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொலைந்த பொட்டலத்தை மீண்டும் கேட்டுப் பெறலாம். ‘267 வேண்டும்’ என்று கேட்டால் அனுப்புவதற்குப் புறநானூற்றுப் புலவர் இல்லை.