நகரத்துக்கு மூத்த பாலம்

ஹைதராபாத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் சார்மினாரைப் பார்க்கிறார்கள். பக்கத்து வளையல் கடைகளில் புகுந்து, பை கனத்தும் பர்ஸ் இளைத்தும் வெளியே வருகிறார்கள். நீங்களும் தாராளமாக வளையல் வாங்குங்கள். வாங்கின கையோடு ஓர் ஆட்டோவில் ஏறி, "புரானா புல்" என்று சொல்லுங்கள். தூரம் அதிகமில்லை.

'புல்' என்றதும் பசுமாட்டுக்குப் போடுகிற சமாச்சாரம் என்று எண்ணிவிடாதீர்கள்! உருதுவில் 'புல்' என்றால் பாலம். 'புரானா' என்றால் பழைய. எவ்வளவு பழையது என்று கேட்பீர்கள். சார்மினார் எழுந்தது 1591-ல். இந்தப் பாலம் கட்டி முடிந்தது 1578-ல். ஊர் பிறந்த பிறகு பாலம் வருவதுதான் உலக வழக்கம். இங்கேயோ ஊரைக் காட்டிலும் பாலத்துக்கு 13 வயசு அதிகம்!

மூஸி நதியின் மேல், 22 வளைவுகளோடு, சுமார் 600 அடி நீளத்துக்குக் கருங்கல்லில் நிற்கிறது. கட்டுவித்தவர் கோல்கொண்டா சுல்தான் இப்ராஹிம் குலி குதுப் ஷா. ஏன் கட்டினார் என்பதற்கு ஊரார் ஒரு கதை சொல்லுவார்கள். கதை என்றால் உங்களுக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆகவே அதை முதலில் கேட்டு விடுவோம்.

சுல்தானின் மகன் முகம்மது குலிக்கு அக்கரையில் சிச்லம் என்ற கிராமத்தில் ஒரு காதலி, பெயர் பாக்மதி. ஒரு நாள் மூஸியில் வெள்ளம் கரை புரண்டு ஓடுகிறது. இளவரசனோ குதிரையை அப்படியே வெள்ளத்தில் இறக்கி அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டான். சேதி கேட்ட தகப்பனாருக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டின மாதிரி ஆயிற்று. 'போகாதே' என்று சொன்னால் கேட்கிற பிள்ளையா? பாலத்தைக் கட்டிவிட்டார்! அதனால் இது புரானா புல்லே அல்ல, 'பியாரானா புல்', அதாவது அன்புப் பாலம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

கதை ஜோர்தான். ஆனால் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். இளவரசன் பிறந்தது 1565-ல். பாலம் முடிந்தபோது அவனுக்கு வயசு 13! நம் வீடுகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையனை நினைத்துக் கொள்ளுங்கள். போதாததற்கு, பாக்மதி என்று ஒருத்தி இருந்தாளா என்பதிலேயே சரித்திரக்காரர்களுக்குள் சண்டை. கோல்கொண்டா கோட்டைக்குள் ஜனம் நெருக்கியடித்தது; வடகரையில் கார்வான் என்ற இடத்தில் வர்த்தகம் கொழித்தது; மசூலிப்பட்டணத் துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். பாலம் வந்ததும் தென்கரைக்கு வழி பிறந்தது. அந்தத் தென்கரையில்தான், பாலம் முடிந்தபோது சிறுவனாக இருந்த முகம்மது குலி, பிற்பாடு சுல்தானாகி, சார்மினாரை நடுவில் வைத்துப் புது நகரம் எழுப்பினார். பதினேழாம் நூற்றாண்டில் வந்த வைர வியாபாரி தவேர்னியே, பாரிஸ் மாநகரின் போன் நெஃப் பாலத்தோடு இதை ஒப்பிட்டு மெச்சியிருக்கிறார்.

மூஸி எப்போதும் சாதுவான நதி அல்ல. 1908-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி அது ஆடிய ஆட்டத்தை ஹைதராபாத் இன்னும் மறக்கவில்லை. வீடுகள் தெருத்தெருவாகக் கரைந்தன. சுமார் 15,000 உயிர்கள் போயின. அப்ஸல்கஞ்ச் பக்கம் ஒரு புளிய மரத்தில் ஏறிக்கொண்டு சுமார் 150 பேர் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் அந்த மரம் நிற்கிறது. உருதுக் கவிஞர் அம்ஜத், தாய், மனைவி, மகள் மூவரையும் அன்று ஒருசேரப் பறிகொடுத்தார். தாம் மட்டும் பிழைத்தார். அந்தத் துயரத்தைப் பிறகு கவிதையாக எழுதினார். வேறு என்ன செய்வார், பாவம்!

அன்றைக்கு ஊரின் மற்றப் பாலங்களை எல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. நின்றது இந்தக் கிழவர் ஒருவர்தான். அதன் பிறகு நிஜாம் அரசாங்கம் எஞ்சினீயர் விசுவேசுவரய்யாவை வரவழைத்தது. அவர் சொன்ன யோசனைப்படி 1920-ல் உஸ்மான் சாகரும், 1927-ல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. என்றாலும் மூஸியின் கோபம் அடியோடு தணிந்துவிடவில்லை. 2025 செப்டம்பரில் கூட நகரின் பெரிய பஸ் நிலையத்துக்குள் அது புகுந்துவிட்டது.

இன்று பாலத்தின் மேல் என்ன நடக்கிறது தெரியுமா? காய்கறி வியாபாரம்! வண்டிகளுக்குப் பக்கத்தில் வேறு பாலம் இருக்கிறது. பழைய பாலத்தின் கல்தளத்தில் தக்காளியும் கத்தரிக்காயும் புளிச்சகீரையும் குவிந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் தெலுங்கில் பேரம், மறு பக்கம் உருதுவில் பேரம். தென்கோடியில் பழைய கோட்டை மதிலின் வாசல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. 13 வாசல்களில் மிச்சம் இருப்பவை இரண்டே. அவற்றில் இது ஒன்று.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழே எட்டிப் பார்க்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள நேரும். அனந்தகிரி மலையில் தெளிந்த நீராய்ப் புறப்படுகிற நதியை, ஊருக்குள் வந்ததும் சாக்கடையாக்கிவிட்டோம். வெள்ளத்தோடு போராடி ஜயித்த கற்களுக்கு நாம் செய்கிற மரியாதை இது!

ஆகவே காலை வேளையில் போங்கள். கையில் ஒரு துணிப்பை இருக்கட்டும். பாலத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பாருங்கள். பக்கத்துப் பாலத்தில் நின்று வளைவுகளை எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் கூட வந்தால் இளவரசன் கதையைச் சொல்லுங்கள். கணக்கை அவர்களே போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.