உறைந்த இளைஞரும் உபதேசமும்

போதைப்பொருளின் தீமையை இளைஞர்க்கு உணர்த்தப் புகுவோர் பெரும்பாலும் மண்டையோட்டுப் படத்துடனேயே வகுப்பறைக்குள் நுழைகின்றனர். அச்சமூட்டுதல் எளிது, அறிவூட்டுதற்கோ சிறிது இரசாயனமும் மிகுந்த பொறுமையும் வேண்டும்.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இரசாயனவியற் பட்டப்பின்படிப்பு மாணவர் ஒருவர், ஹெரோயினை ஒத்த மயக்கந் தரும் செயற்கைப் பொருளொன்றை வீட்டிலேயே ஆக்கித் தம் உடலில் ஏற்றிவந்தார். முன்னர் ஊறேதும் நேரவில்லை. ஒருமுறை அவசரத்தாற் செய்முறையைச் சுருக்கினார். சில நாட்களில் உடல் விறைத்தது, பேச்சும் அற்றது. முதியோரைப் பீடிக்கும் பாக்கின்சன் நோயின் குறிகள் அவை. அவருக்கு வயது 23! 1982இல் கலிபோர்னியாவில், தெருவிலே 'ஹெரோயின்' என வாங்கிய இளைஞர் சிலரும் இவ்வாறே சிலையாயினர். அவர்களை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் முதலியோர், எம்.பி.ரி.பி. என்னும் பக்கவிளைபொருளே காரணமெனக் கண்டனர். மூளையிலுள்ள நொதியமொன்று அதனை நஞ்சாக மாற்ற, அந்நஞ்சு டோபமின் சுரக்கும் கலங்களுட் புகுந்து அவற்றை அழித்திருந்தது. வாங்கியவர் அதன் பெயரைத்தானும் அறிந்திலர்.

மறு ஆண்டில், அதே மாநிலத்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பொலிசார் பாடசாலைகளுக்குச் சென்று போதிக்கும் 'டெயார்' திட்டம் தொடங்கிற்று. மறுத்துரைக்கப் பழக்குவதே அதன் உயிர்நிலை. நாடெங்கும் பரவிய அதன் பயன் மிகச் சொற்பமென 1994இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. 2001இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதனைப் பயனற்றவற்றுள் ஒன்றாக வைத்தது. காரணம் ஊகித்தற்கு அரிதன்று. 'தொட்டால் மரணம்' என்று கேட்ட சிறுவன், தொட்டும் மாளாத அயல்வீட்டு அண்ணனைக் காண்கிறான். அன்றே ஆசிரியரின் மெய்யுரைகளும் அவனுக்குப் பொய்யாகின்றன.

இலங்கையில் மெதம்பெற்றமினுக்கு 'ஐஸ்' என்று பெயர். மணியோசை கேட்டுச் சிறுவர் ஓடும் பண்டத்தின் பெயர் இதற்கு வாய்த்தது கொடுமையே. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அதனை 5 கிராமுக்கு மேல் வைத்திருப்போர்க்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதிக்க இடமளித்தது. எனினும், "அதில் என்ன இருக்கிறது, சேர்?" என்று வினவும் மாணவனுக்குச் சட்டம் விடையாகாது. வினவியவனையே ஐயுறும் பாடசாலையில் அவ்வினா எழப்போவதுமில்லை. சந்தியில் நிற்பவனிடமே அது செல்லும். மேரிலாந்து மாணவரின் வரலாற்றைக் கூறப் பொலிசாரும் வேண்டா, மண்டையோடும் வேண்டா. சாதாரண தர விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், தாக்கமொன்றில் விரும்பிய விளைவோடு விரும்பாததும் தோன்றும் என்று கற்பிக்கும் பாடவேளையிலேயே அதனைக் கூறிவிடலாம்.