கிடைத்தால், கிடைக்காவிட்டாலும்

உலகப் பொருளாதாரம் இப்படித் தடுமாறும் காலத்தில் ஓர் ஆய்வு மாணவர் தம் பணத்தைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் எவ்வாறு முடிவெடுப்பது? ஹைதராபாத்தில் நான் தங்கியிருக்கும் விடுதியில் ஆய்வேட்டைக் காட்டிலும் இக்கேள்வியே அதிகம் பேசப்படுகிறது. முதுகலை மாணவர்கள் சிலர் என்னிடமும் கேட்டார்கள். பொருளியல் நான் பயின்ற துறையன்று. ஆயினும் அவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

2025ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மே மாத இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் ஒதுக்குவதை நிறுத்திவைத்தன. ஜூனில் மீண்டும் தொடங்கின. ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 விழுக்காடானது. செப்டம்பரில், புதிய எச்-1பி விசா மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. டிசம்பரில் ஒரு டாலரின் மதிப்பு முதன்முறையாக 90 ரூபாயைக் கடந்தது. 2023இல் கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட ஒரு மாணவர் இவற்றுள் எதை முன்கூட்டி அறிந்திருக்க முடியும்?

பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் வெளிவந்த தம் நூலில் இடரையும் நிச்சயமின்மையையும் வேறுபடுத்தினார். பகடையில் ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. இது கணக்கிடத்தக்க இடர். அடுத்த ஆண்டு ஒரு நாட்டின் விசா விதி எப்படி மாறும் என்பதற்கு அத்தகைய பின்னம் எதுவும் இல்லை. இது நிச்சயமின்மை. நமக்குக் கிடைக்கும் பண அறிவுரைகளில் பெரும்பாலானவை இரண்டாவதை முதலாவதாக எண்ணிக்கொண்டு ஆருடம் சொல்பவை. டாலர் ஏறும், தங்கம் ஏறும், இந்தத் துறையில் வேலை பெருகும் என்பன போன்றவை.

ஆருடத்துக்கு மாற்றாக நான் கைக்கொள்ளும் வழி, நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் நிபந்தனைக்கு ‘-ஆல்’ விகுதி. அதனுடன் ‘-உம்’ சேர்ந்தால் ‘-ஆலும்’. ‘வேலை கிடைத்தால் கடனை அடைப்பேன்’ என்ற வாக்கியம் ஒரு நிகழ்வைச் சார்ந்து நிற்கிறது. ‘வேலை கிடைக்காவிட்டாலும் கடனை அடைப்பேன்’ என்ற வாக்கியத்துக்கு அந்தச் சார்பு இல்லை. நிச்சயமற்ற காலத்தில் எடுக்கும் பெரிய முடிவை ‘-ஆலும்’ கொண்டு எழுதிப் பார்க்க வேண்டும். வாக்கியம் உண்மையாக முடிகிறதா என்பதே சோதனை.

கணினி மொழியியல் படிக்க அமெரிக்கா செல்லவிருந்த இளையவர் ஒருவருடன் இதைச் செய்து பார்த்தேன். கடன் 40 லட்சம் ரூபாய், வட்டி 11 விழுக்காடு, பத்தாண்டுத் தவணை, அடமானம் அப்பாவின் வீடு. மாதத் தவணை ஏறத்தாழ 55,100 ரூபாய் வருகிறது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. ‘அங்கே வேலை கிடைத்தால் சில ஆண்டுகளில் அடைத்துவிடுவேன்’ என்று எழுதினார், சரிதான். ‘வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினாலும்’ என்று தொடங்கிய வாக்கியத்துக்கு அவரால் பயனிலை எழுத முடியவில்லை.

வெளிநாட்டுக் கனவையே கைவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவைத் தனிக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. 2025 இறுதியில் இருந்த மதிப்பில் 12 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். அதே வட்டியில் தவணை 17,000 ரூபாய் அளவில் நிற்கும். பகுதிநேரப் பணி கிடைக்காமல் இரண்டாமாண்டுக்கும் கடன் வாங்க நேர்ந்தாலும் 34,000. எளிய தொகையன்று, ஆனால் வீடு பறிபோகாமல் வாக்கியம் முடிகிறது. அவர் இப்போது ஜெர்மன் படிக்கிறார்.

ரூபாய் வீழ்வது நல்லதா, கெட்டதா என்றும் கேட்கிறார்கள். நம் வரவும் கடனும் எந்த நாணயத்தில் உள்ளன என்பதைப் பொறுத்தது அது. 25,000 டாலர் கட்டணம், டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது 21,25,000. 90 ஆகும்போது 22,50,000. ரூபாயில் ஈட்டும் குடும்பத்துக்கு அந்த 1,25,000 கூடுதல் சுமை. டாலரில் ஈட்டி ரூபாய்க் கடனை அடைப்பவருக்கோ அதே வீழ்ச்சி சலுகை. வரவும் கடனும் வெவ்வேறு நாணயத்தில் இருக்குமாயின், நாம் அறியாமலேயே ஒரு பந்தயம் கட்டியிருக்கிறோம்.

உறவினர்களின் அறிவுரை தங்கம். 2025இல் அதன் விலை ஏறிய வேகம் எவரையும் மயக்கும். ஆனால் 2011இல் தொட்ட உச்சத்தை டாலர் கணக்கில் தங்கம் மீண்டும் கடக்க 2020 வரை ஆயிற்று. ஒன்பது ஆண்டுகள் என்பது முனைவர் பட்ட ஆய்வைவிட நீண்ட காலம். அடுத்த ஆண்டு தேவைப்படும் பணத்தைத் தங்கத்திலோ பங்குகளிலோ வைக்கலாகாது என்பதே என் நிலை. வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நம்மைப் போன்றோரின் சேமிப்புக்கு அது போதும்.

என் செய்தியையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை 37,000 ரூபாய், முதுநிலை 42,000. மொத்தம் ஐந்தாண்டுகள், எனக்கு அடுத்த ஆண்டு முடிகிறது. ஆய்வேடு முடிய அதன்பின் ஓராண்டு தேவைப்படலாம். இடையே ஒருமுறை ஐந்து மாதம் தொகை வராமல், பின்னர் நிலுவை மொத்தமாக வந்தது. அன்று முதல் மாதந்தோறும் ஒரு பகுதியை ஒதுக்கிவருகிறேன். வீட்டுக்கு 12,000, என் செலவுக்கு 15,000. ஆக ஓராண்டுக்கு 3,24,000. அத்தொகை சென்ற மாதம் நிறைந்தது.

அதே மாதத்தில் பெங்களூரில் பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றிலிருந்து வேலை அழைப்பு வந்தது. ஊதியம் இரு மடங்கு, ஓராண்டு ஒப்பந்தம், உடனே சேர வேண்டும். ‘ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால்’, ‘வேலைக்கிடையே எழுத நேரம் வாய்த்தால்’ என்று அந்த வழியெங்கும் ‘-ஆல்’. ‘உதவித்தொகை நின்றாலும் ஓராண்டு எழுதலாம்’ என்பது மட்டும் என்னால் முடிக்க முடிந்த வாக்கியம். மறுத்துவிட்டேன். இது வெற்றியில் முடியும் என்ற உறுதி எனக்கில்லை. விளைவு தீயதாயினும் முடிவு பிழையென்று ஆகிவிடாது. அன்று அறிந்திருந்ததை வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. ‘-ஆலும்’ என்று சொல்லக் கையில் சற்றுப் பொருள் வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். பல ஆண்டுகளாக அத்தொகை உயரவில்லை. அவரிடம் ஆறு மாதச் செலவைச் சேமிக்கச் சொல்வது அறிவுரையாகாது. என் அறைத்தோழர் அத்தொகையில்தான் இருக்கிறார். அவர் ஆய்வை நிறுத்தி வேலைக்குச் சென்றால் அதைத் திட்டமிடல் குறைவு என்று எவரும் சொல்ல வேண்டாம். தனிமனித நிதானத்தால் ஈடுகட்ட முடியாத இடத்தில் உதவித்தொகை உயர்வும், குறித்த நாளில் அது கிடைப்பதுமே தீர்வு. பேராசிரியர்கள் இதைத் துறைக் கூட்டங்களில் எழுப்பினால் நன்றாக இருக்கும்.

முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் மாணவர்கள் கையெழுத்திடுமுன் தம் ‘-ஆலும்’ வாக்கியத்தை எழுதி, கடனில் பங்கேற்கும் பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள். அடமானம் அவர்களுடையது, கேட்கும் உரிமையும் அவர்களுடையதே. மாற்றுக் கருத்துள்ள பொருளியல் நண்பர்கள் கீழே எழுதுக; கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன்.