லுமூட்டில் நின்ற மூன்று கப்பல்கள்

2021 பிப்ரவரி 23 அன்று, மியன்மார் நாட்டவர் 1,200 பேரை நாடு கடத்தக் கூடாது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மறுநாள் காலை 10 மணிவரை இடைக்காலத் தடை விதித்தது. சில மணி நேரத்திலேயே அவர்களில் 1,086 பேர் பேராக், லுமூட் கடற்படைத் தளத்திலிருந்து அனுப்பப்பட்டுவிட்டார்கள்.

மனு என்னுடையதல்ல, அம்னெஸ்டி மலேசியாவும் அசைலம் அக்சஸ் மலேசியாவும் தொடுத்தது. குடிநுழைவு வழக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருப்பது இந்த வழக்குதான்.

வந்து நின்றவை மியன்மார் கடற்படையின் மூன்று கப்பல்கள். அந்த ராணுவம் பிப்ரவரி 1 அன்றுதான் ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. 2020 நவம்பர் தேர்தலில் 476 இடங்களில் 396-ஐ வென்ற கட்சியின் தலைவர்கள் காவலில் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஆட்களை ஒப்படைப்பது வெறும் நிர்வாக வேலையா?

எல்லோரும் விரும்பியே போனார்கள், அகதிகள் யாருமில்லை என்றது குடிநுழைவுத் துறை. மூன்று பேரிடம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஆவணம் உண்டு, பெற்றோரில் ஒருவராவது இங்கிருக்கும் பிள்ளைகள் 17 பேர் என்றனர் மனுதாரர்கள். யார் சொல்வது சரி என்று எப்படிச் சரிபார்ப்பது? 2019 ஆகஸ்டிலிருந்து தடுப்பு முகாம்களுக்குள் அந்த ஆணையத்துக்கு அனுமதியே இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவும் இல்லை.

அந்த வாரம் கிள்ளானிலிருந்து ஒரு பர்மியப் பெண் பிரிக்பீல்ட்ஸிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். தம்பி முகாமில். அவனுடைய அகதி அட்டையின் நகலை மேசைமேல் வைத்து, கையால் நீவிவிட்டு, மலாயில் கேட்டார்: "துவான், கப்பலில் ஏற்றியவர்களில் இவன் பெயர் இருக்கிறதா?" என்னிடம் பட்டியல் ஏதுமில்லை. முகாமுக்குத் தொலைபேசியில் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

பர்மாவின் ஆட்சிக் கவிழ்ப்பு நம்மவருக்குப் புதிதில்லை. 1962 மார்ச் 2-இல் நெ வின், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊ நூ அரசைக் கவிழ்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள்தான். அறுபது ஆண்டுகளாகியும் அந்தக் கவிழ்ப்பு முடிந்தபாடில்லை.

முடியாததற்கு வெளியிலிருந்து நீளும் கைகளும் காரணம். 2021-க்குப் பின் அந்த ராணுவத்துக்குப் போன ஆயுதங்களும் தளவாடங்களும் குறைந்தது 100 கோடி டாலர் என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023-இல் கணக்குக் காட்டினார். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூர் நிறுவனங்கள் வழியாக 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி. மலேசியர்களான நாம் ஆயுதம் விற்கவில்லை. ஆனால் அவர்களுடைய போர்க்கப்பலைத் துறைமுகத்துக்குள் விட்டு ஆட்களை ஏற்றி அனுப்பியதும் அந்த ஆட்சிக்குக் கொடுத்த அங்கீகாரம்தான் என்பேன்.

2021 மார்ச் 9-ஆம் தேதி சீராய்வு மனுவுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. எஞ்சிய 114 பேருக்கான தடையும் தொடர்ந்தது. ஏற்கெனவே கடல் கடந்துவிட்ட 1,086 பேரை எந்த உத்தரவாலும் திருப்பி அழைக்க முடியவில்லை. முகாம் கதவுகளை ஐ.நா. ஆணையத்துக்குத் திறந்துவிட வேண்டும், தடை உத்தரவு கிடைத்த நொடியிலேயே கப்பலை நிறுத்த வேண்டும் என்று அன்றிலிருந்து எழுதியும் பேசியும் வருகிறேன்.