வெப்பமானி அளித்த சாட்சியம்

இரவல் கொடுத்த பொருள் பழுதாகித் திரும்பினால், வாங்கிச் சென்றவர்மீதே முதல் ஐயம் விழுகிறது. விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் அவ்வாறுதான் நடந்தது. அது தவறான தீர்ப்பு என்று நாங்கள் அறிவதற்கு ஓராண்டு ஆனது. அதை அறியச் செய்தது, இரண்டு அங்குல அகலமே உள்ள ஒரு சிறு கருவி.

கணவனும் மனைவியுமாக நாங்கள் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் வசிக்கிறோம். எங்களிடம் 2001ஆம் ஆண்டின் பிக்கப் டிரக் ஒன்று உண்டு. நான்கு கியர்கள் கொண்ட ஆட்டோமேட்டிக் வண்டி. மனைவியின் தம்பி லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வேலை கிடைத்துக் குடிபெயர்ந்தபோது, வீட்டுச் சாமான்களை ஏற்றிய டிரெய்லரை இழுத்துச் செல்ல அந்த வண்டியைக் கேட்டார். மகிழ்ச்சியுடன் கொடுத்தோம்.

ஃபிரெஸ்னோவிலிருந்து தெற்கே செல்லும் 99ஆம் எண் நெடுஞ்சாலை, பேக்கர்ஸ்ஃபீல்டைக் கடந்து 5ஆம் எண் நெடுஞ்சாலையுடன் இணைகிறது. அதற்குச் சற்றுத் தெற்கே சமவெளி முடிந்து, கிரேப்வைன் என்னும் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து 4,100 அடிக்கு மேல் உயரமுள்ள டெஹோன் கணவாய்வரை ஏற வேண்டும். எஞ்சின் சூடேறாமல் இருக்க ஏசியை அணைக்கும்படி சாலையோரத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். ஜூலை மாத நண்பகலில், அந்த ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடியது, சக்கரங்கள் சுழலவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது.

அதைப் பிரித்துப் புதுப்பிக்க மூவாயிரம் டாலருக்கு மேல் செலவாயிற்று. "ஒழுங்காத்தான் ஓட்டினேன் மச்சான்" என்று தம்பி சொன்னார். நாங்கள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மௌனமாக இருந்துவிட்டோம். அந்த மௌனத்தின் பொருள் அவருக்கு விளங்கிற்று. செலவில் பாதியை ஆறு தவணைகளில் அனுப்பிவைத்தார். அதையும் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. அவர் இரண்டாம் நடையில் எடுத்துச் செல்வதாக எங்கள் கராஜில் விட்டுச் சென்ற கட்டிலும் குளிர்பெட்டியும் அங்கேயே கிடந்தன. பிறரைப் பற்றித் தவறான எண்ணம் கொள்ளலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள்.

கியர்பாக்ஸைப் புதுப்பித்த மெக்கானிக் பழைய ஆயிலைக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது கருகிப் பழுப்பாகி, தீய்ந்த வாடை வீசியது. "இதைக் கொன்றது சூடு. தனியாக ஒரு கூலரும் ஒரு வெப்பமானியும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். கூலரை ஒத்திப்போட்டோம். வெப்பமானியை மட்டும் வாங்க முடிவு செய்தோம். அடுத்து யாராவது வண்டியைக் கேட்டால், அவர் எப்படி ஓட்டினார் என்பதற்கு ஒரு காவல் இருக்கட்டும் என்ற எண்ணமும் அம்முடிவில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். அந்த முள் காட்டுவது எஞ்சினைச் சுற்றும் குளிர்நீரின் சூட்டை மட்டுமே. எஞ்சின் நலமாக இருக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில் வெந்துகொண்டிருக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினின் விசையை டார்க் கன்வெர்ட்டர் ஆயிலின் வழியாகவே கடத்துகிறது. அது பூட்டிக்கொண்டு ஒரே உடலாகச் சுழலும்போது சூடு குறைவு. பூட்டு விடுபட்டு ஆயிலைக் கடையும்போது, வீணாகும் விசை முழுவதும் சூடாக மாறுகிறது. பாரத்தோடு ஏற்றத்தில் செல்லும்போது நிகழ்வது இதுவே. சாதாரண ஓட்டத்தில் ஆயிலின் சூடு ஏறத்தாழ 175 முதல் 200 ஃபாரன்ஹீட்வரை, அதாவது 80 முதல் 93 செல்சியஸ்வரை இருக்கலாம். 220ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 250ஐ நெருங்கினால் நிறுத்த வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று வழிகள் இருந்தன. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களிலும் பிக்கப்புகளிலும் உள்ள ஓபிடி துளையில் செருகி எண்களைப் படிக்கும் கருவி முதலாவது. எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கியர்பாக்ஸ் சூட்டைப் படிக்க அந்தந்த வண்டிக்குரிய குறியீட்டைத் தேடி உள்ளிட வேண்டியிருக்கும். மெல்லிய உலோகக் குழாயால் இயங்கும் பழைய வகை இரண்டாவது. அக்குழாயை வெட்டவோ நீட்டவோ இயலாது. மின்சாரத்தில் இயங்கும் முள்வகை மூன்றாவது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓரப்பார்வையிலேயே முள்ளின் சாய்வு தெரியும் என்பதால், 100 முதல் 250வரை அளவிட்ட மின்கருவியையே வாங்கினோம்.

சென்சாரை எங்கே பொருத்துவது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. டார்க் கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குச் செல்லும் குழாயில் வைத்தால், மிகச் சூடான ஆயிலைக் காட்டும். முள் நொடிக்கு நொடி துள்ளும். கூலரிலிருந்து திரும்பும் குழாயில் வைத்தால், ஆறிய ஆயிலைக் காட்டி நம்மைத் தேற்றிவிடும். அடியிலுள்ள ஆயில் பேனில் வைத்தால், கியர்பாக்ஸ் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளப் போகும் ஆயிலின் சூடு நிதானமாகத் தெரியும். எனவே, சென்சாருக்கான மரையும் வடிகால் போல்ட்டும் உள்ள அலுமினியப் பேன் ஒன்றை வாங்கி மாற்றினோம்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு சனிக்கிழமைகளில் வேலையை முடித்தோம். ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, மற்றவர் விளக்கைப் பிடித்தோம். சென்சாரின் ஒயரைப் புகைபோக்கிக் குழாயிலிருந்து விலக்கி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டின் ரப்பர் துளை வழியாக உள்ளே கொணர்ந்தோம். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸில் ஒன்று, டாஷ்போர்டு விளக்குச் சுற்றில் ஒன்று, வண்டியின் உடலோடு ஒன்று என மற்ற ஒயர்களை இணைத்தோம்.

முதல் ஓட்டத்தில் இருபது மைல் சென்றும் முள் 100ஐ விட்டு அசையவில்லை. வண்டி எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது என்று மகிழ்ந்தோம். பின்னர் ஐயம் எழவே, அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கிப் பேனின் மேல் காட்டினோம். 170 என்றது. ஒற்றை ஒயர் சென்சார், வண்டியின் உடல் வழியாகவே மின்சுற்றை நிறைவு செய்கிறது. கசிவுக்கு அஞ்சி நாங்கள் மரையில் தடிமனாகச் சுற்றிய டெஃப்லான் டேப் அந்தத் தொடர்பைத் துண்டித்திருந்தது. டேப்பை உரித்துவிட்டு, முதல் இரண்டு மரைகளை வெறுமையாக விட்டு, மரைப்பசையை மெல்லியதாகத் தடவி முடுக்கினோம். முள் உயிர்பெற்றது.

அடுத்த ஜூலையில், கராஜில் கிடந்த கட்டிலையும் குளிர்பெட்டியையும் வேறு சில சாமான்களையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தம்பியின் வீட்டுக்குப் புறப்பட்டோம். சமவெளியில் முள் 190இல் நின்றது. கிரேப்வைனில் ஏறத் தொடங்கியதும் 205 ஆயிற்று, பிறகு 215, பாதி ஏற்றத்தில் 230. நாங்கள் எப்போதும் ஓட்டுவது போலவே, கியரை டியில் வைத்து, ஓவர்டிரைவை அணைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தோம். வண்டி மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் இடையே தத்தளிப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. ஒவ்வொரு தத்தளிப்புக்கும் முள் சற்று மேலே நகர்ந்தது. கியர் தண்டின் நுனியில் உள்ள ஓவர்டிரைவ் பொத்தானை அழுத்தி அணைத்து, ஏசியையும் நிறுத்தி, வேகத்தை 45 மைலுக்குக் குறைத்தோம். 235ஐத் தொட்ட முள் மெல்ல இறங்கலாயிற்று. ஃபோர்ட் டெஹோன் அருகே நெடுஞ்சாலையை விட்டு விலகி, பார்க்கில் வைத்து எஞ்சினை ஓடவிட்டோம்.

அங்கே இருவருக்கும் ஒரே நினைவு வந்தது. தம்பி சாவியை வாங்கிய நாளில் அந்தப் பொத்தானைக் காட்டி, "இது எதுக்கு மச்சான்?" என்று கேட்டிருந்தார். "அதையெல்லாம் தொடாதீங்க. டியில போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க" என்று சொன்னவர்கள் நாங்கள். அவர் சொன்னபடியே செய்தார். ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டியைக் கொடுத்து, தவறான வழியையும் சொல்லிக்கொடுத்து, பழியையும் பணத்தையும் அவரிடமே வாங்கியிருக்கிறோம்.

அன்று மாலை அவர் வீட்டு வாசலிலேயே இதைச் சொன்னோம். கட்டிலைக்கூட இறக்கவில்லை. வழியில் வங்கி இயந்திரத்தில் எடுத்த முதல் தவணையை நீட்டி, மீதியையும் தருவோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "நான் சொன்னத நம்பலையேன்னுதான் லாத்தா வருத்தம்" என்றார். பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வண்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்து, "எந்த நம்பர் வந்தா நிறுத்தணும் மச்சான்?" என்று கேட்டார்.

ஊர் திரும்பியதும் தனிக் கூலரைப் பொருத்தினோம். இப்போது அதே பாரத்தோடு ஏறினாலும் முள் 200ஐ ஒட்டியே நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். வண்டியை இரவல் கேட்பவர்களுக்குச் சாவியோடு ஒரு சீட்டும் தருகிறோம். ஆயில் கடைசியாக மாற்றிய நாள், ஏற்றத்தில் அணைக்க வேண்டிய பொத்தான், நிறுத்த வேண்டிய எண் ஆகிய மூன்றும் அதில் எழுதியிருக்கும்.