வாங்குவதா, விடுவதா?

கடந்த இரண்டு வாரங்களாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காளி என் இளைய மகன்; வயது பதினேழு. எதிராளி நான். தீர்ப்பு வழங்க வேண்டிய அவனுடைய தாயாரோ, "அப்பனும் மகனும் பட்டபாடு" என்று கூறித் தம்மை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களின் பிணக்குகளைச் செய்தியாக எழுதிப் பழகிய எனக்கு, ஒரு பிணக்கில் நானே ஒரு தரப்பாக நிற்பது புதிய அனுபவம்.

வழக்கின் பொருள் ஒரு கருவி. தலையில் அணிந்து கண்களை முற்றாக மறைத்துக்கொண்டால் வேறோர் உலகத்தைக் காட்டும் மெய்நிகர் கருவி அது. வீ.ஆர். ஹெட்செட் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மகன் கேட்டது 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஒக்கியுலஸ் குவெஸ்ட் என்னும் முதலாவது மாதிரியை. புதிதாக வந்தபோது அதன் ஆரம்ப விலை 399 டொலர். கொழும்பிலே ஒருவர் தாம் பாவித்ததை 45,000 ரூபாவுக்குக் கொடுக்க முன்வந்திருந்தார். மகனிடம் 18,000 ரூபா சேமிப்பு இருந்தது. எஞ்சிய 27,000 ரூபாவுக்குத்தான் வழக்கு.

"விளையாட்டுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்டேன். எல்லாத் தகப்பன்மாரும் கேட்கும் கேள்விதான். ஆனால் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது எங்கள் தொழிலுக்கு அழகல்லவே. ஆகவே, ஒரு செய்திக்குத் தகவல் திரட்டுவது போல இந்தக் கருவியைப் பற்றியும் திரட்டத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொண்டது, இதன் அடிப்படை அப்படியொன்றும் புதியதல்ல என்பதாகும். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரண்டு கோணங்களில் பார்க்கின்றன; மூளை அவ்விரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. இதனை சார்ள்ஸ் வீட்ஸ்ரன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1838ஆம் ஆண்டிலேயே ஒரு கருவி மூலம் விளக்கிக் காட்டிவிட்டார். அதே தத்துவத்தில் அமைந்த வியூமாஸ்ரர் என்ற படம் பார்க்கும் பெட்டி 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. இன்றைய கருவி இதனோடு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. தலை திரும்பும் திசையை உணர்கருவிகள் அறிந்து, அதற்கேற்ப காட்சியையும் திருப்பிவிடுகின்றன. அதனால் படத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம் என்ற எண்ணம் போய், படத்துக்குள் நிற்கிறோம் என்ற எண்ணம் உண்டாகிறது.

அந்தப் பழைய பெட்டிகளில் ஒன்று எனக்கும் சொந்தமாக இருந்தது. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்கள் எங்களுக்கு எட்டாக்கனி. கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர், 1978ஆம் ஆண்டு ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மாமாங்கத்துத் திருவிழாக் கடையொன்றில் அந்தப் பெட்டியைக் கண்டேன். என் தகப்பனார் ஆசிரியர்; காசை எண்ணிச் செலவழிப்பவர். கடையைத் தாண்டி நடந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து வாங்கித் தந்தார். ஒரு வட்டில் ஏழு காட்சிகள். பனிமலைகளும் நீர்வீழ்ச்சிகளும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. ஒரே நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். நான் பார்க்கும்போது பக்கத்து வீட்டுத் தோழன் என் தோளில் இடித்து, "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையோடு அந்தப் பெட்டியையும் கொண்டுபோய்விட்டது.

ஆகவே, மகனின் ஆசை எனக்குப் புரியாத ஒன்றல்ல. ஆனால் தகவல்களைத் திரட்டத் திரட்ட என் தயக்கம் கூடியது.

இந்தத் துறையின் வரலாறு, கைவிடப்பட்ட கருவிகளின் வரலாறாகவே இருக்கிறது. 1995இல் நின்டெண்டோ நிறுவனம் வேர்ச்சுவல் போய் என்ற கருவியை வெளியிட்டது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு நிறத்தை மட்டுமே காட்டிய அது ஓராண்டு நிறைவதற்குள் நிறுத்தப்பட்டது. பின்னர் 2012இல் பாமர் லக்கி என்ற பத்தொன்பது வயது இளைஞர், ஒக்கியுலஸ் றிப்ற் என்ற தமது கருவிக்காகப் பொதுமக்களிடம் 250,000 டொலர் கேட்டார். 24 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2014இல் அந்த நிறுவனத்தை வாங்க பேஸ்புக் இரண்டு பில்லியன் டொலர் விலை பேசியது. 2016இல் கடைக்கு வந்த றிப்ற் 599 டொலர். அதனை இயக்குவதற்கு வலுவான கணினி ஒன்று வேறு வேண்டும். கூகுளின் டேட்றீம் 2016இல் வந்தது, 2019இல் முடிந்தது. சம்சுங்கின் கியர் 2015இல் வந்தது. அதற்கான சேவைகள் 2020இல் நிறுத்தப்பட்டன. ஒக்கியுலஸ் கோ 2018இல் வந்து 2020இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்கு வயது எழுபது. இவற்றின் ஆயுளோ இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்.

இரண்டாவது தயக்கம் உடல் சார்ந்தது. 2017இல் கொழும்பில் ஒரு விற்பனைக் கூடத்தில் இத்தகைய கருவியொன்றை நானும் அணிந்து பார்த்தேன். மலையுச்சியிலிருந்து வண்டி பாய்ந்து இறங்குவதான காட்சி. மூன்று நிமிடங்களில் வயிற்றைப் புரட்டியது. கண் ஓடுகிறோம் என்கிறது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு இருக்கிறோம் என்கிறது. இரண்டுக்குமிடையே அகப்பட்ட மூளை தடுமாறுகிறது. வாவியில் தோணியிலும் கடலில் இயந்திரப் படகிலும் சென்று செய்தி சேகரித்தவன் நான். எனக்குக் கடல்நோய் வந்தது கொழும்பில், ஒரு கதிரையில் அமர்ந்திருந்தபோதுதான்!

மூன்றாவது, அந்தக் கருவியின் வெளிப்புறத்தில் உள்ள நான்கு கமெராக்கள். அணிந்திருப்பவர் நிற்கும் இடத்தை அறிவதற்காக அவை அறையைப் பார்த்தபடி இருக்கின்றன. இதிலே தவறேதும் இல்லாமலிருக்கலாம். ஆனால் போர்க்காலத்தில் மட்டக்களப்பில் செய்தி எழுதியவனுக்கு, தன் வீட்டின் உட்புறத்தை இன்னொரு கண் பார்க்கிறது என்பதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்யும். இதைச் சொன்னபோது மகன் சிரித்தான். அவன் சிரிக்கக்கூடிய காலத்தில் வாழ்வது எனக்கும் மகிழ்ச்சிதான்.

இந்த மூன்று காரணங்களையும் ஒரு சனிக்கிழமை மாலை அவன்முன் வைத்தேன். குறுக்கிடாமல் கேட்டான். பிறகு ஒரே வாக்கியம் சொன்னான்.

"நான் கேம் விளையாடத்தான் கேக்கிறன் எண்டு நினைக்கிறீங்க. அவன் அதுக்குள்ளதான் அப்பா இருக்கான்."

அந்த 'அவன்' யாரென்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு முதல் மகனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பாடசாலை முடிந்ததும் இருவரும் மேசைப்பந்து விளையாடிவிட்டு, வியர்வையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பார்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளையும் மணிக்கணக்கான மின்வெட்டுகளையும் கண்டு சலித்த அவனுடைய பெற்றோர் அடுத்த ஆண்டே ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். மகனின் நண்பர் குழாம் ஐந்து பேர். இன்று ஊரில் இருப்பவர்கள் இருவர்.

அங்கே அவனிடம் இத்தகைய கருவி இருக்கிறதாம். அதற்குள் ஒரு மேசைப்பந்து விளையாட்டு இருக்கிறதாம். கையிலுள்ள பிடியை மட்டை போல வீசினால், உலகின் இன்னொரு மூலையில் நிற்பவர் அந்தப் பந்தைத் திருப்பி அடிக்கலாம். "நீயும் ஒண்டு வாங்கு" என்பதுதான் அவனுடைய ஓயாத வேண்டுகோள்.

இன்னொன்றும் மகன் சொன்னான். கூகுளின் வீதிக்காட்சிப் படங்கள் 2016 முதல் நம் நாட்டுக்கும் கிடைக்கின்றன அல்லவா? அந்தப் படங்களுக்குள் இக்கருவியை அணிந்துகொண்டு போய் நிற்கலாம். தோழன் அடிக்கடி கல்லடிப் பாலத்தில் போய் நிற்கிறானாம். பிறகு தன் வீட்டு ஒழுங்கைக்குப் போகிறானாம். படத்தில் அந்த வீட்டுப் படலை இன்னும் நீல நிறத்திலேயே இருக்கிறது. வீட்டை வாங்கியவர்கள் அதற்குப் பச்சை வர்ணம் பூசிவிட்டார்கள் என்பதை மகன் இதுவரை அவனிடம் சொல்லவில்லை.

நான் பேசாமல் இருந்தேன். விளையாட்டுச் சாமானுக்கான வழக்கென்று எண்ணி வாதாடிக்கொண்டிருந்த எனக்கு, பிரிவைப் பற்றிய வழக்கு இதுவென்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் தலைமுறையிலும் நண்பர்கள் போனார்கள். கடிதம் எழுதினோம், பதில் வருவதற்கு ஒரு மாதமாகும், பிறகு கடிதமும் நின்றுபோகும். ஒரு பந்தைத் திருப்பி அடிக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்களும் கேட்டிருக்கமாட்டோமா?

அன்றிரவே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் பழக்கதோஷம், அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டுமே! அங்கேதான் தடுக்கியது. 2023 ஜனவரியில், இப்போது மெற்றா என்று பெயர் மாறிவிட்ட அந்த நிறுவனம், முதலாவது குவெஸ்டுக்குப் புதிய வசதிகள் இனி வராது என்று அறிவித்திருக்கிறது. நண்பர்கள் குழுவாக இணைந்து பேசும் வசதி அதிலிருந்து எடுக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் தம் மெய்நிகர் வீட்டுக்கு அழைக்கும் வசதி அவ்வாண்டு மார்ச்சுடன் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 வரைதான். 2024 ஏப்ரல் 30க்குப் பின் அதற்கான புதிய விளையாட்டுக்களைக் கடையில் சேர்ப்பதற்கும் இடமில்லை.

அதாவது, மகன் எதற்காக அந்தக் கருவியைக் கேட்டானோ அந்தக் கதவுதான் முதலில் சாத்தப்பட்டிருக்கிறது. தனியே இருந்து பழைய விளையாட்டுக்களை விளையாடலாம்; ஆனால் தோழனோடு சேர்ந்திருப்பதற்கு அதை நம்பிக் காசு கொடுக்க முடியாது. விற்பவர் விலையைக் குறைத்ததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம்.

மறுநாள் காலை இதைச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. தானே தேடிப் பார்த்து உண்மையென்று கண்டபின், "அப்ப வேணாம் அப்பா" என்றான். வழக்கில் எனக்கு வெற்றி. ஆனால் அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முடிவில் நாங்கள் இருவரும் ஓர் இணக்கத்துக்கு வந்தோம். பழைய கருவி வேண்டாம். 2024இல் வந்த குவெஸ்ட் 3எஸ் என்பதன் ஆரம்ப விலை 299 டொலர். டொலர் ஒன்று 300 ரூபா என்று கொண்டால் ஏறக்குறைய 90,000 ரூபா. கொண்டுவரும் செலவும் வரியும் வேறு. பெரிய தொகைதான். உயர்தரப் பரீட்சை முடியும் வரை பொறுப்பதாக அவன் ஒப்புக்கொண்டான். நான் கொடுக்க மறுத்த 27,000 ரூபாவை அன்றைக்கே அவனுடைய வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டேன். வாங்கினால் அதை நடு மண்டபத்தில், இரண்டு மீற்றர் நீள அகலம் ஒதுக்கி, வீட்டார் கண்முன்னே பாவிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. கமெராக்கள் மண்டபத்தைப் பார்க்கட்டும். என் மேசையைப் பார்க்க வேண்டாம்.

இதே கேள்வியோடு நிற்கும் பெற்றோருக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு வார்த்தை. மலிவாகக் கிடைக்கும் பழைய மாதிரியை வாங்குமுன், அதனைச் செய்த நிறுவனம் இன்னும் அதற்குப் பொறுப்பு நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்பாக, பிள்ளை அதை ஏன் கேட்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை நான் இரண்டு வாரம் தாமதித்தே கேட்டேன்.

சென்ற பௌர்ணமியன்று மாலை இருவரும் கல்லடிப் பக்கம் போனோம். 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் இரைந்துகொண்டிருந்தன. பழைய இரும்புப் பாலத்தில் நடப்பவர்கள் சிலர். தெரிந்த மீனவர் ஒருவர் எங்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டார். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். அன்று பாலத்து இரைச்சல்தான் கேட்டது.

மகன் கைத்தொலைபேசியில் தோழனை அழைத்தான். இங்கே இரவு ஏழரை. அங்கே காலை பத்து. தொலைபேசியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்தபடி மகன் துடுப்பில் காது வைத்திருந்தான். தோழனின் குரல் தெளிவாக வந்தது.

"டேய், இப்ப என்ன கேக்குது?"

"பொறு, சொல்றன்" என்றான் மகன்.